ஒளிர்நீல மாறி: பிரகாசம் கூடும்போது குளிரும் விண்மீன்

விண்வெளி பற்றிய வீடியோக்களில் அடிக்கடி அடிபடும் பெயர் ஈட்டா கரினே. பின்னணியில் திகில் இசை ஓடும். "எந்த நேரமும் வெடிக்கலாம்" என்று ஒரு குரல் சொல்லும். இது 'ஒளிர்நீல மாறி' வகை விண்மீன் என்று அறிமுகம் வரும். அப்படியென்றால் என்ன? நீல நிறத்தில் இருக்கும், அவ்வப்போது ஆற்றல் எகிறிப் பிரகாசமாகும், கடைசியில் வெடித்துவிடும் என்று மூன்றே வரியில் விளக்கமும் முடிந்துவிடும்.

இந்த மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் தப்பாகத்தான் மனதில் பதிகின்றன. நடுவில் உள்ளது ரொம்ப மோசம். ஒளிர்நீல மாறி வழக்கமாகப் பிரகாசமாகும்போது அது உமிழும் மொத்த ஆற்றல் கூடுவதில்லை. அதன் மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்வதால்தான் நம் கண்ணுக்கு அதிகப் பிரகாசமாகத் தெரிகிறது.

கேட்டதும் தலைகீழாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போவோம். இடையில் சில கணக்குகள் வரும், பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது.

அகத்தியரை முந்திய விண்மீன்

தெற்கு வானில் அகத்தியர் என்று நாம் சொல்லும் விண்மீனின் உலகப் பெயர் கனோபஸ். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது அதுதான். அது இருக்கும் விண்மீன் குழுவுக்குக் கரினா என்று பெயர். கப்பலின் அடிக்கட்டை என்று பொருள். ஈட்டா கரினேயும் அதே குழுவில்தான் இருக்கிறது.

1677இல் எட்மண்ட் ஹாலி செயின்ட் ஹெலினா தீவிலிருந்து தெற்கு வானத்தைப் பட்டியலிட்டபோது இதன் பொலிவெண்ணை 4 என்று குறித்தார். பொலிவெண் என்பது ஒரு விண்மீன் நமக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கான எண். வகுப்பில் ரேங்க் போடுவது மாதிரிதான்: எண் சின்னதானால் பிரகாசம் பெரிது. ஓர் எண் குறைந்தால் சுமார் இரண்டரை மடங்கு பிரகாசம் கூடும். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். மிகப் பிரகாசமானவை பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தல் குறியோடு வரும்.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இது கூடிக் குறைந்துகொண்டிருந்தது. 1837 டிசம்பரில் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து பார்த்தபோது, பழகிய அந்த விண்மீன் திடீரென்று பிரகாசம் கூடியிருந்தது. 1843 மார்ச்சில் அது அகத்தியரையே முந்தியது. வானத்தில் அதைவிடப் பிரகாசமான விண்மீன் சிரியஸ் மட்டும்தான்.

இதில் ஒரு விஷயத்தை நிறுத்தி யோசிக்க வேண்டும். அகத்தியர் சுமார் 310 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஈட்டா கரினே சுமார் 7,500 ஒளியாண்டு, அதாவது ஏறக்குறைய 24 மடங்கு தூரம். விளக்கை 24 மடங்கு தள்ளி வைத்தால் அதன் வெளிச்சம் 24 பங்காகக் குறையாது. 24ஐ 24ஆல் பெருக்கிய அளவு, கிட்டத்தட்ட 580 பங்காகக் குறையும். இருந்தும் அது அகத்தியரை முந்தியது. அகத்தியரே சூரியனைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஒளி தருவது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில், டைரல் ஏரியைச் சுற்றி வாழ்ந்த பூரோங் என்ற பழங்குடி மக்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். கனோபஸை ஒரு காகமாகவும், பக்கத்தில் புதிதாகப் பிரகாசித்த ஈட்டா கரினேயை அந்தக் காகத்தின் மனைவியாகவும் வைத்துக் கதை சொன்னார்கள். வில்லியம் ஸ்டான்பிரிட்ஜ் என்பவர் 1850களில் அதைக் கேட்டு எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. அடுத்த சில ஆண்டுகளிலேயே காகத்தின் மனைவி வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போனாள்.

ஈட்டா கரினேதான் இந்த வகையில் பிரபலம். ஆனால் இந்த வகையைப் புரிந்துகொள்ள அது நல்ல உதாரணம் இல்லை. தெருவில் ஒரே ஒருவர் வீட்டில் குக்கர் வெடித்ததை வைத்துக்கொண்டு சமையல் என்றால் என்ன என்று விளக்குவது மாதிரி ஆகிவிடும். அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் சாதாரணமானவை.

பெயர் வந்த கதை, சுருக்கமாக

1600 ஆகஸ்டில் வில்லெம் பிளாவ் என்ற டச்சு வரைபடக் கலைஞர் சிக்னஸ் விண்மீன் குழுவில் அதுவரை இல்லாத ஒரு விண்மீனைக் கண்டார். அதன் பெயர் இன்று பி சிக்னி. சில ஆண்டுகள் தெரிந்து, மங்கி மறைந்து, 1655 வாக்கில் மறுபடி தலைகாட்டி, ஆடி அடங்கி, 18ஆம் நூற்றாண்டிலிருந்து சுமார் 5ஆம் பொலிவெண்ணில் அமைதியாக இருக்கிறது.

1953இல் எட்வின் ஹபிளும் ஆலன் சாண்டேஜும் ஆன்ட்ரோமீடா, எம்33 ஆகிய பக்கத்து விண்மீன் மண்டலங்களில் அசாதாரணமாக ஒளிர்ந்து மாறும் சில விண்மீன்களைப் பட்டியலிட்டார்கள். நம் பால்வெளியின் துணை மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் எஸ் டொராடஸ் என்று இன்னொன்று ஏற்கெனவே இருந்தது. இப்படி ஆளுக்கொரு பெயரில் திரிந்தவற்றை 1984இல் பீட்டர் கான்டி ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து 'லூமினஸ் புளூ வேரியபிள்' என்று பெயர் வைத்தார். சுருக்கமாக எல்பிவி. தமிழில் ஒளிர்நீல மாறி.

நம் பால்வெளியில் உறுதியாகத் தெரிந்தவை சில பத்துகள் கூட இல்லை. விண்மீனின் வாழ்வில் இது மிகக் குறுகிய கட்டம் என்பதும், இவ்வளவு கனமான விண்மீன்களே அபூர்வம் என்பதும் அதற்குக் காரணம்.

நீலம் என்றால் நீலம் இல்லை

கொல்லர் பட்டறையில் இரும்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் வெள்ளை. சூடு ஏற ஏற நிறம் நீலப் பக்கம் நகரும். இரும்பை அதற்கு மேல் காய்ச்சினால் உருகி ஓடிவிடும். விண்மீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது ஏற்கெனவே வாயு. எனவே வெள்ளையைத் தாண்டி நீலவெள்ளைக்கும் போகும்.

(கேஸ் அடுப்பின் நீலத் தீயை இதற்கு உதாரணமாகப் பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நீலம் எரியும் வாயுவிலுள்ள சில மூலக்கூறுகள் உமிழும் நிறம். சூட்டின் நிறம் இல்லை.)

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். கெல்வின் என்பது செல்சியஸ் போன்ற வெப்ப அளவுதான், 273 கூட்டிக்கொண்டால் போதும். ஒளிர்நீல மாறி அமைதியாக இருக்கும்போது மேற்பரப்பு 12,000 முதல் 30,000 கெல்வின் வரை இருக்கும். அந்தச் சூட்டில் ஒளியின் பெரும்பகுதி புற ஊதாவாகத்தான் வெளிவரும். புற ஊதா என்பது ஊதா நிறத்துக்கும் அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. வெயிலில் தோல் கறுப்பதற்குக் காரணமான அதே ஒளி.

எனவே பெயரில் உள்ள 'நீலம்' என்பது 'மிகச் சூடானது' என்பதற்கான அடையாளச் சொல். தொலைநோக்கியில் ஈட்டா கரினேயைப் பார்த்தால் நீலம் தெரியாது. ஆரஞ்சு கலந்த ஒரு புள்ளிதான் தெரியும். தன்னைச் சுற்றி அதுவே கொட்டிவைத்த தூசி நீலத்தை வடிகட்டிவிடுகிறது. கூடவே அங்குள்ள ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது.

பிரகாசம் வேறு, ஒளிர்வு வேறு

இனி முக்கியமான இடம். இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் வழுக்குகின்றன.

ஒரு வீட்டில் மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்குகிறார் ஒருவர். கடன், சீட்டு, பிடித்தம் என்று தொண்ணூறாயிரம் வெளியே போய்விட, வீட்டுக்குப் பத்தாயிரம் கொடுக்கிறார். சில மாதம் கழித்துக் கடன் முடிகிறது. இப்போது வீட்டுக்கு ஐம்பதாயிரம் வருகிறது. சம்பளச் சீட்டைப் பார்க்காத பிள்ளைகள், அப்பாவுக்குச் சம்பளம் ஐந்து மடங்கு உயர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

விண்மீனின் சம்பளத்துக்கு ஒளிர்வு என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, அகச்சிவப்பு எல்லாம் சேர்த்து ஒரு நொடியில் அது வெளியிடும் மொத்த ஆற்றல். வீட்டுக்கு வரும் பங்குதான் நாம் பார்க்கும் பிரகாசம். 25,000 கெல்வினில் இருக்கும் விண்மீனின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருகிறது. மிச்சமெல்லாம் பிடித்தம், அதாவது புற ஊதா. அதே விண்மீன் 8,000 கெல்வினுக்குக் குளிர்ந்தால், ஒளியின் கணிசமான பங்கு நம் கண் பார்க்கும் எல்லைக்குள் வந்து விழும்.

சரி, குளிர்ந்தால் மொத்த ஆற்றல் குறைய வேண்டாமா? மேற்பரப்பின் அளவு மாறாமல் இருந்தால் குறையும். இங்கே விண்மீன் குளிரும்போதே வீங்குகிறது. குளிர்ந்த பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்த ஒளி தரும். ஆனால் சதுர மீட்டர்கள் ஏராளமாகக் கூடிவிடுகின்றன.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சூரியனைப் போல் பத்து லட்சம் மடங்கு ஒளிர்வுள்ள ஒரு விண்மீனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்பரப்பு 25,000 கெல்வினில் இருந்தால் அதன் ஆரம் சூரியனைப்போல் சுமார் 53 மடங்கு வரும். அதை நம் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதன் கோள் தப்பித்துவிடும். அதன் சுற்றுப்பாதை சுமார் 83 சூரிய ஆரத் தொலைவில் இருக்கிறது. அதே ஒளிர்வை வைத்துக்கொண்டு 8,000 கெல்வினுக்கு இறங்கினால் ஆரம் சுமார் 520 மடங்கு. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நாலும் உள்ளே. சம்பளம் ஒரு பைசா கூடவில்லை, விண்மீன் மட்டும் ஏறத்தாழ பத்து மடங்கு வீங்கிவிட்டது.

ஏஜி கரினே என்ற விண்மீன் இதை நிஜத்தில் செய்துகாட்டுகிறது. பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல 8ஆம் பொலிவெண்ணிலிருந்து 6 அருகே வந்து மறுபடி இறங்குகிறது. கண்ணுக்கு ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதன் ஒளிர்வைக் கவனமாகக் கணக்கிட்டவர்கள், பிரகாசமாக இருக்கும் காலத்தில் ஒளிர்வு கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது என்று கண்டார்கள். அவ்வளவு கனமான வெளியுறையைத் தூக்கிப் பிடிப்பதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாகிவிடுகிறது. 2021 ஏப்ரலில் ஹபிள் தொலைநோக்கியின் 31ஆம் ஆண்டு நிறைவுக்காக நாசாவும் ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் வெளியிட்ட படத்தில் இருப்பது இந்த விண்மீன்தான். சுற்றியுள்ள வாயு ஓடு சுமார் ஐந்து ஒளியாண்டு அகலம்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை அசைபோட்டால்: ஒளிர்நீல மாறி என்பது சூரியனைவிடப் பல லட்சம் மடங்கு ஒளிர்வுள்ள மிகச் சூடான விண்மீன். அதன் வழக்கமான மாற்றத்தில் வெளியுறை வீங்கிக் குளிர்கிறது, ஒளி புற ஊதாவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பக்கம் நகர்கிறது. இந்த வகை மாற்றத்துக்கு எஸ் டொராடஸ் மாற்றம் என்று பெயர். ஒரு சுற்று முடிய ஆண்டுகள், சிலவற்றில் பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

பால் ஏன் பொங்குகிறது

அடுப்பில் பால் வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறீர்கள். தீயை யாரும் கூட்டவில்லை. ஆனாலும் ஒரு கட்டத்தில் சரேலென்று பால் எழும்பி விளிம்புக்கு வரும். காரணம் மேலே படிந்த ஆடை. அடியிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியில்லாமல் ஆடையின் கீழ் சேர்ந்து, ஆடையோடு சேர்த்துப் பாலையும் தூக்குகிறது. தண்ணீரில் ஆடை இல்லை, அதனால் தண்ணீர் கொதிக்குமே தவிர இப்படிப் பொங்காது.

விண்மீனுக்குள் நீராவியின் வேலையைச் செய்வது ஒளி. ஒளிக்குத் தள்ளும் சக்தி உண்டு. உள்ளங்கையில் விழும் வெயில் கையைத் தள்ளத்தான் செய்கிறது, உணர முடியாத அளவுக்குச் சின்னத் தள்ளல். பத்து லட்சம் சூரியன்களின் ஒளி ஒரே மையத்திலிருந்து பாயும்போது அது சின்ன விஷயம் இல்லை. விண்மீனின் ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. ஒளி வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் புள்ளிக்கு எடிங்டன் வரம்பு என்று பெயர். அதைத் தாண்டினால் விண்மீனால் தன் மேலாடையைப் பிடித்துவைக்க முடியாது.

(ஆம், அதே ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன்தான். 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் விண்மீன்களின் முடிவு பற்றி இளைஞர் சந்திரசேகர் போட்ட கணக்கை எல்லோர் முன்னாலும் கேலி செய்தவர். அந்த விஷயத்தில் சந்திரசேகர் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது. ஒளியின் தள்ளலைப் பற்றி எடிங்டன் போட்ட கணக்கும் நிலைத்துவிட்டது. இருவர் பெயரிலும் இன்று ஆளுக்கொரு வரம்பு இருக்கிறது.)

எடிங்டன் வரம்பு விண்மீனின் நிறையைப் பொறுத்தது. தோராயமாக, சூரிய நிறைக்குச் சூரியனைப்போல் 32,000 மடங்கு ஒளிர்வு. நம் சூரியன் அந்த வரம்பில் முப்பத்திரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் தருகிறது, அதனால் சமர்த்தாக இருக்கிறது. 50 சூரிய நிறையுள்ள விண்மீனுக்கு வரம்பு 16 லட்சம். அதன் ஒளிர்வு 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரம்பில் பாதி. இது பரவாயில்லை. ஆனால் காலப்போக்கில் அது நிறையை இழக்கிறது. 30 சூரிய நிறையாக இளைத்துவிட்டால் வரம்பு 9,60,000க்கு இறங்கிவிடும். மையத்தில் எரியும் அடுப்போ அதே 8 லட்சத்தில் எரிகிறது. தீ அப்படியே இருக்கிறது, மேலே வைத்த பாரம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

இப்போது ஆடைக்கு வருவோம். ஒளி எல்லாவற்றையும் ஒரே மாதிரி தள்ளுவதில்லை. களத்தில் நெல் தூற்றும்போது அதே காற்றுதான் நெல்மணியிலும் பதரிலும் படுகிறது. மணி நேராகக் கீழே விழும், பதர் தூரப் போகும். ஹைட்ரஜனும் ஹீலியமும் பெரும்பாலும் மணி மாதிரி, ஒளி அவற்றைக் கடந்து போய்விடும். இரும்பு பதர் மாதிரி. மேற்பரப்புக்கு அடியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் கெல்வின் உள்ள அடுக்கில், எலக்ட்ரான்கள் பல கழன்றுபோன இரும்பு அணுக்கள் ஒளியை வெகு நன்றாகப் பிடிக்கின்றன. மொத்த வாயுவில் இரும்பு மிகச் சொற்பம்தான். ஆனால் ஒளியிடம் மாட்டிக்கொண்டு நகரும்போது, மோதி மோதிப் பக்கத்து அணுக்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒளியை இப்படிப் பொருள் தடுக்கும் அளவுக்கு ஒளித்தடை என்று பெயர்.

ஒளித்தடை கூடிய அடுக்குதான் இங்கே ஆடை. ஒளி அதன் அடியில் தேங்குகிறது, வெளியுறை வீங்குகிறது. வீங்கினால் குளிர்கிறது, குளிர்ந்தால் ஹீலியமும் ஒளியைப் பிடிக்கத் தொடங்குகிறது. 2018இல் யான்ஃபே ஜியாங் குழுவினர் இந்த உறையை முப்பரிமாணத்தில் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, உறை கொப்பளித்துக் கொதிப்பதும், இந்த ஹீலியத் தடையால் பொருள் வெளியே தள்ளப்படுவதும் தெரிந்தது.

பால் உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும். பொங்கி வழிந்த பால் அடுப்பில் கொட்டித் தீயை அணைத்துவிடும். விண்மீனில் உறை வீங்கினாலும் மையத்துத் தீக்கு அந்தச் சேதியே எட்டுவதில்லை. அது தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஆண்டுக்குப் பத்து பூமி

அமைதியாக இருக்கும் காலத்திலும் இந்த விண்மீன்கள் சும்மா இருப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து வாயு ஓயாமல் வெளியே வீசிக்கொண்டிருக்கும். இதற்கு விண்மீன் காற்று என்று பெயர். சூரியனுக்கும் உண்டு, ஆனால் மெல்லிய இழை. பி சிக்னி ஓர் ஆண்டில் சுமார் பத்து பூமிகளின் நிறையை ஊதித் தள்ளுகிறது. சூரியக் காற்றோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறு கோடி மடங்கு. ஈட்டா கரினே இன்னும் மோசம்: ஆண்டுக்கு ஒரு வியாழன் கோள் அளவு.

இவ்வளவு தூரத்திலிருந்து காற்று வீசுவது எப்படித் தெரிகிறது? ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்றும், தாண்டிப் போனதும் கட்டையாகவும் கேட்கும் அல்லவா? ஒளிக்கும் அதே கதைதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமாகவும், விலகிப் போகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கமாகவும் கொஞ்சம் நகரும். பி சிக்னியின் ஒளியை நிறமாலையாக, அதாவது வானவில் போல நிறம் நிறமாகப் பிரித்தால், ஹைட்ரஜனுக்கே உரிய நிறங்களில் விழும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பிரகாசமான மேடும், அதன் நீலப் பக்கத்தில் ஒட்டியபடி ஓர் இருண்ட பள்ளமும் தெரியும். மேடு, விண்மீனைச் சுற்றிலும் ஒளிரும் வாயுவுடையது. பள்ளம், விண்மீனுக்கும் நமக்கும் நடுவில் நம்மை நோக்கி வரும் வாயு மறைத்த ஒளி. வேறெந்த விண்மீனில் இந்த மேடும் பள்ளமும் தென்பட்டாலும் அதற்கு 'பி சிக்னி வடிவம்' என்றே பெயர். பள்ளம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடலாம். பி சிக்னியில் அது நொடிக்கு சுமார் 185 கிலோமீட்டர்.

ஆக, வரம்புக்கு மிக அருகில் வாழ்வதால் இவற்றின் மேலுறை நிலைகொள்ளாமல் இருக்கிறது. ஒரு பக்கம் ஓயாத காற்று, இன்னொரு பக்கம் சில ஆண்டுகளுக்கொருமுறை வீங்கி வடிவது. இது வரைக்கும் எதுவும் வெடிக்கவில்லை.

குக்கர் வெடித்த வீடு

இப்போது ஈட்டா கரினே. 1837 தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டு நடந்ததற்குப் பெருஞ்சீற்றம் என்று பெயர். இது பால் பொங்கிய கதை இல்லை. இங்கே சம்பளமே கூடியது. ஒளிர்வு உண்மையாகவே எகிறியது. சூரியனைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத பொருள் வெளியே வீசப்பட்டது. ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் செத்து வெடிக்கும் வெடிப்பு, வெளியிடும் இயக்க ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆற்றல் செலவானது. அத்தனையும் நடந்தும் விண்மீன் சாகவில்லை.

வீசப்பட்ட பொருள் இன்று இரண்டு பெரிய பலூன்களை ஒட்டிவைத்த வடிவத்தில், நொடிக்கு சுமார் 650 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்துகொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவின் என்ரிக்கே கவியோலா 1950இல் அதற்குச் 'சிறுமனிதன்' என்று பொருள்படும் ஹோமன்குலஸ் என்ற பெயரைக் கொடுத்தார். சுமாரான தொலைநோக்கியில் பார்த்தால் தலையும் காலுமாக ஒரு குட்டி உருவம் போலத் தெரிந்ததாம். ஹபிள் படத்தில் எனக்கு அது கிழங்கு மாதிரிதான் தெரிகிறது.

1996இல் பிரேசிலின் அகஸ்டோ டாமினெலி, இதன் நிறமாலை ஐந்தரை ஆண்டுக்கொருமுறை ஒரே மாதிரி மாறுவதைக் காட்டினார். ஈட்டா கரினே ஒன்றல்ல, இரண்டு. பெரியது சூரியனைப்போல் சுமார் நூறு மடங்கு நிறை. சின்னது நீண்ட முட்டை வடிவப் பாதையில் சுற்றி, ஐந்தரை ஆண்டுக்கொருமுறை பெரியதை உரசிக்கொண்டு போவது போல நெருங்குகிறது. இரண்டும் சேர்ந்து தரும் ஒளிர்வு சுமார் 50 லட்சம் சூரியன்.

அப்படியானால் பெருஞ்சீற்றத்துக்குக் காரணம் துணை விண்மீனா, அல்லது முன்பு மூன்றாவதாக ஒன்று இருந்து பெரியதோடு மோதிக் கலந்ததா, அல்லது உறை மட்டும் தன்னால் பிய்ந்ததா? இதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அன்றைய வெளிச்சத்தையே மறுபடி பார்த்திருக்கிறார்கள். மலையில் மோதித் திரும்பும் கூக்குரல் தாமதமாகக் கேட்பதைப்போல, 1840களின் ஒளியில் ஒரு பகுதி தூரத்துத் தூசி மேகங்களில் பட்டுச் சுற்றிவளைத்து இப்போது நமக்கு வந்துசேர்கிறது. அந்த ஒளி எதிரொலியை நிறமாலையாகப் பிரித்த ஒரு குழு, அன்றைக்கு வெளிப்பரப்பு சுமார் 5,000 கெல்வின்தான் இருந்தது என்று 2012இல் அறிவித்தது. சூரியனைவிடக் குளிர்ச்சி.

பெருஞ்சீற்றங்கள் வேறு விண்மீன் மண்டலங்களிலும் நடக்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அவற்றைச் சூப்பர்நோவா என்று எண்ணி ஏமாந்ததுண்டு. அதனால் இவற்றுக்குப் போலி சூப்பர்நோவா என்று ஒரு பட்டப்பெயரே இருக்கிறது.

கடைசியில் என்ன ஆகும்

பாடப்புத்தகக் கதை இப்படிப் போகும். கனமான விண்மீன் சில பத்து லட்சம் ஆண்டுதான் வாழும். மையத்தில் ஹைட்ரஜன் தீரும் கட்டத்தில் ஒளிர்நீல மாறியாகிறது, ஏறத்தாழ பத்தாயிரத்திலிருந்து லட்சம் ஆண்டு வரை அப்படி இருந்து ஹைட்ரஜன் தோலை உரித்துப் போடுகிறது, ஹீலியம் தெரியும் வுல்ஃப்-ரேயே விண்மீனாகிறது, பிற்பாடு வெடிக்கிறது. அதாவது இது இடைநிலை; சாவு இன்னும் தள்ளி.

இந்தக் கதையில் ஓட்டைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. 2005இல் வெடித்த ஒரு சூப்பர்நோவாவின் இடத்தைப் பழைய ஹபிள் படங்களில் தேடியபோது, அங்கே ஒளிர்நீல மாறி போன்ற ஒன்று இருந்திருக்கிறது. வெடிப்பு அடங்கியபின் பார்த்தால் அது இல்லை. அப்புறம் எஸ்என் 2009ஐபி. 2009இல் சூப்பர்நோவா என்று பெயர் சூட்டப்பட்டது, பிறகு போலி என்று தெரிந்தது, 2012இல் முன்னைவிடப் பிரமாண்டமாகச் சீறியது. இம்முறை உண்மையிலேயே செத்துவிட்டது என்றுதான் பலரும் கருதுகிறார்கள்.

2015இல் நேதன் ஸ்மித்தும் உடனாய்வாளர் ஒருவரும் இன்னொரு குண்டைப் போட்டார்கள். கனமான இளம் விண்மீன்கள் கூட்டமாகப் பிறப்பவை. ஒளிர்நீல மாறிகளும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். ஆனால் பல, கூட்டத்திலிருந்து விலகித் தனியாக நிற்கின்றன. இவை தாமாக வளர்ந்தவை அல்ல, துணை விண்மீனின் பொருளை வாங்கியோ அதோடு கலந்தோ கனத்தவை என்பது அவர்கள் வாதம். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் அந்தத் திகில் இசை? ஈட்டா கரினே வெடிக்கத்தான் செய்யும். நாளைக்கா, இன்னும் சில ஆயிரம் ஆண்டு கழித்தா என்று யாராலும் சொல்ல முடியாது. 7,500 ஒளியாண்டு தூரத்தில் அது வெடித்தால் தெற்கு வானில் ஒரு புது விளக்கு எரியும், பகலில்கூடத் தெரியலாம். பூமிக்கு ஆபத்து என்பது மிகை. அதன் சுழல் அச்சும் நம்மை நோக்கி இல்லை, நாற்பது டிகிரிக்கு மேல் விலகியிருக்கிறது.

பார்க்க ஆசைப்பட்டால்

ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது, ஒன்பதரை மணிக்குத் தெற்கே திறந்த வானம் உள்ள இடத்தில் நில்லுங்கள். சென்னையிலிருந்து ஈட்டா கரினே தொடுவானத்துக்கு மேல் 17 டிகிரி வரைதான் ஏறும், கன்னியாகுமரியில் 22. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது சுமார் பத்து டிகிரி, அதாவது இரண்டு முஷ்டி உயரம். தெற்கைப் பார்த்து நின்றால் இடப்புறம் தென்சிலுவை எழுந்துகொண்டிருக்கும், வலப்புறம் கீழே அகத்தியர் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில், தென்சிலுவைக்குக் கொஞ்சம் வலப்புறமாகப் பைனாகுலரை மெதுவாக நகர்த்துங்கள். புகை படிந்தது போல ஒரு பஞ்சுத்திட்டு வரும், கரினா நெபுலா. அதற்குள் கொஞ்சம் ஆரஞ்சாக ஒரு புள்ளி. கடற்கரை நல்ல இடம், மீன்பிடிப் படகுகளின் விளக்கு குறுக்கே வராதவரை.

பி சிக்னிக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். முன்னிரவில் வடக்கே தலையை நன்றாக நிமிர்த்தினால் சிலுவை வடிவில் சிக்னஸ். சிலுவையின் நடு விண்மீனுக்குப் பக்கத்தில், 4.8 பொலிவெண்ணில், எந்தச் சிறப்பும் இல்லாததுபோல இருக்கும். நகர வெளிச்சத்தில் தெரியாது. அந்தச் சின்னப் புள்ளி ஆறு லட்சம் சூரியன்களுக்குச் சமம். நீங்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பத்து நிமிடத்துக்குள் கோடி கோடி டன் கணக்கில் இன்னும் இளைத்திருக்கும்.